அந்த 65 ஃபிரேம்கள்

செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் என்னிடம் கேட்டது சின்ன உதவிதான். நான்கு வருடத்துக்கு முன் அவருடைய குழு ஆடிய ‘கர்ண மோட்சம்’ முழு இரவும் வீடியோவாக இருக்கிறது. இரவு பத்துக்குத் தொடங்கி விடிகாலை ஆறு வரை, எட்டு மணி நேரம், ஒரே கோப்பு. அதில் கர்ணன் திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டு வருகிற கட்டம், 22 நிமிடம், அது மட்டும் அவருடைய செல்பேசியில் வேண்டும்.

“திரைய எடுத்துக்கிணு உள்ள வர்றாங்க பாரு, அங்கேருந்து வேணும் தம்பி. இடது பக்கம் பிடிக்கிறது எங்க அண்ணன். திரைய விரிச்சிட்டார்னா முகம் மறைஞ்சிடும். அவரு முகம் தெரியுறது அந்த ஒரு எடத்துலதான்.”

அண்ணன் இப்போது இல்லை.

“சரிங்க வாத்தியாரே, ரெண்டு நிமிஷ வேலை” என்றேன். அப்படித்தான் நினைத்தேன். கட்டளை வரியில் வீடியோ வெட்டுவதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கியது. தொடங்கும் நேரம், முடியும் நேரம், ‘அப்படியே நகலெடு’ என்ற மூன்றையும் சொன்னால் போதும். 18 ஜிகாபைட் கோப்பிலிருந்து 22 நிமிடத்தைச் சில நொடிகளில் எடுத்துத் தந்துவிடும். கோப்பில் திரை உள்ளே வருகிற நேரம் 4 மணி 12 நிமிடம் 7.4 நொடி. வெட்டி அனுப்பினேன்.

“பாட்டு வருது, ஆளக் காணோமே தம்பி” என்றார் வாத்தியார். இரண்டரை நொடிக்கு ஒலி மட்டும் வந்தது. அதன்பின் படம் வந்தபோது திரை விரிந்து முடிந்திருந்தது. எந்த இரண்டரை நொடிக்காக அவர் கேட்டாரோ அது மட்டும் இல்லை.

வேறு விதமாக வெட்டினேன். என் கணினியில் சரியாக இருந்தது. அவருடைய செல்பேசியிலோ முதலில் ஏழு நொடிக்கு, கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் வந்து போனான். நேரத்தை நான் இரண்டு தடவையும் சரியாகத்தான் கொடுத்திருந்தேன். கோளாறு எங்கே என்று பார்க்க, வீடியோக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முழு எச்டி படம் ஒன்றில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி அளவை ஒரு பைட்டில் எழுதி, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒரு தடவை எழுதினாலும் ஒரு படத்துக்கு 31 லட்சம் பைட் ஆகும். நொடிக்கு 25 படம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 2,240 ஜிகாபைட். என் கையில் இருந்ததோ 18. நூற்றிருபது பங்கில் ஒரு பங்குக்குள் அந்த இரவு அடங்கியிருக்கிறது.

இந்தச் சிக்கனத்தின் பெரும்பகுதி எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளலாம். பக்கத்தின் தலையில் கையிருப்பு எழுதியிருக்கும். அதன்பின் வரவும் செலவும் மட்டும்தான். ஒவ்வொரு வரியிலும் மொத்த இருப்பையும் யாரும் எழுதுவதில்லை. நடுவில் ஒரு வரியைத் தொட்டு ‘இந்த நேரத்தில் கல்லாவில் எவ்வளவு இருந்தது?’ என்று கேட்டால், அந்த வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே கடைசியாக இருப்பு எழுதிய இடத்துக்குப் போய், அங்கிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு இறங்கி வரவேண்டும்.

வீடியோவில் இருப்பு எழுதிய வரிக்குப் பெயர் கீஃபிரேம். அது மட்டும்தான் முழுப் படம். அடுத்து வருபவை எல்லாம் முந்தைய படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது, எது மாறியது என்ற குறிப்புகள். கூத்து மேடையின் பின்னால் இருக்கும் தட்டி அசையவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை. கர்ணனின் புஜகீர்த்தி இரண்டு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்தது. அந்த நகர்வை மட்டும் எழுதினால் போதும். கணக்கு நோட்டில் பார்க்க முடியாத ஒன்றும் இங்கே உண்டு. சில ஃபிரேம்கள் முன்னால் போனதையும் பின்னால் வரப்போவதையும் சேர்த்துச் சார்ந்திருக்கும். நாளைக்கு வரப்போகிற பில்லைப் பார்த்துக்கொண்டு இன்றைய வரியை எழுதுவது போல. இருபுற ஃபிரேம் என்று அவற்றைச் சொல்லலாம். பின்னால் வருவதைச் சார்ந்திருப்பதால் அந்தப் பின்வரும் ஃபிரேமைக் கோப்பில் முன்னதாக வைத்தாக வேண்டும். ஆகவே கோப்பில் இருக்கும் வரிசை ஒன்று, திரையில் தெரியும் வரிசை வேறு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எப்போது அவிழ்க்க வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்று இரண்டு நேரமுத்திரை இருப்பது இதனால்தான்.

அந்தக் காலத்துப் படச்சுருளில் இந்தச் சிக்கல் கிடையாது. கோடம்பாக்கத்து எடிட்டிங் அறைகளில் மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரம் ஓடிய நாட்களில், 35 மில்லிமீட்டர் சுருளில் அடிக்கு 16 ஃபிரேம், ஒவ்வொன்றும் தன்னந்தனிப் புகைப்படம். எந்த இரண்டு ஃபிரேமுக்கு இடையிலும் கத்தி வைக்கலாம். ஒலிக்கு மட்டும் ஒரு நுணுக்கம்: திரையரங்குக்குப் போகும் பிரதியில் படத்துக்கு உரிய ஒலி சுமார் 20 ஃபிரேம் தள்ளி அச்சாகியிருக்கும், ஏனென்றால் புரொஜக்டரில் விளக்கும் ஒலி படிக்கும் கருவியும் வேறு வேறு இடத்தில். 1956-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல வீடியோ டேப்பைக் கொண்டுவந்தபோது வேலை கடினமானது. டேப்பில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, காந்தத் தடங்கள் கோடுகளாகத் தெரிந்ததும், நுண்ணோக்கி வைத்துப் பார்த்து பிளேடால் வெட்டினார்கள். அந்த வேலைக்கு இருந்த பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. எங்கே வெட்டலாம் என்று அவர்களுக்கு டேப்பே சொல்ல வேண்டியிருந்தது, நமக்குக் கோப்பு சொல்ல வேண்டும்.

நம் கோப்பு என்ன சொல்கிறது? இந்த இரவைப் படம் பிடித்த நண்பர், இடம் போதாமல், எக்ஸ்264 என்ற என்கோடரால் சுருக்கிவிட்டு, கேமரா அட்டையை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டார். மூலப் பதிவு போய்விட்டது. எக்ஸ்264-ஐ அதன் போக்கில் விட்டால் காட்சி சட்டென மாறும்போது ஒரு கீஃபிரேம் வைக்கும். மாறாவிட்டால் அதிகபட்சம் 250 ஃபிரேமுக்கு ஒன்று. முக்காலியில் அசையாமல் நின்ற கேமரா, ஒரே மேடை. காட்சி மாற்றம் என்று அது கருத எதுவுமே நடக்கவில்லை. எனவே சரியாகப் பத்து நொடிக்கு ஒரு கீஃபிரேம். எட்டு மணி நேரத்தில் 7,20,000 ஃபிரேம்கள். தன் காலில் நிற்கக்கூடியவை 2,880 மட்டும். எனக்கு வேண்டிய 7.4-ஆவது நொடி, கீஃபிரேம் உள்ள 00-க்கும் 10-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

இப்போது இரண்டு கோளாறும் விளங்கும். இங்கே கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அந்தந்த ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இட வேண்டும். தொடக்க நேரத்தைச் சொல்வது ‘-எஸ்எஸ்’. உள்ளீட்டுக் கோப்பைச் சொல்வது ‘-ஐ’. மறுபடி என்கோடு செய்யாமல் நகலெடுக்கச் சொல்வது ‘-சி காபி’. முதல் தடவை நான் ‘-எஸ்எஸ்’-ஐக் கோப்புப் பெயருக்குப் பின்னால் போட்டேன். அங்கே போட்டால் மென்பொருள் கோப்பை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்து, 7.4-க்கு முந்தையதை எல்லாம் கொட்டிவிடும். ஒலிக்கு இருப்புக் கணக்கு அவ்வளவாகத் தேவையில்லை, உடனே தொடங்கிவிட்டது. படம் தொடங்க ஒரு கீஃபிரேம் வேண்டும். அது 10-ஆவது நொடியில்தான் கிடைத்தது. அந்த 2.6 நொடிதான் வாத்தியார் பார்த்த வெற்றிடம்.

இரண்டாவது தடவை ‘-எஸ்எஸ்’-ஐக் கோப்புப் பெயருக்கு முன்னால் போட்டேன். அப்போது மென்பொருள் நேரே தாவி, கேட்ட நேரத்துக்கு முன்னால் உள்ள கீஃபிரேமைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து 7.4 வரையுள்ள ஃபிரேம்களைத் தூக்கி எறிய முடியாது, எறிந்தால் கணக்கு அறுந்துவிடும். எனவே அவற்றையும் கோப்பில் வைத்துவிட்டு, எம்பி4 கோப்பின் தலைப்பில் ‘இதைக் காட்டாமல் தாண்டிப் போ’ என்று ஒரு குறிப்பு எழுதுகிறது. குறிப்பை மதிக்கும் பிளேயர்களும் உண்டு, மதிக்காதவையும் உண்டு. என் கணினி மதித்தது. வாத்தியாரின் செல்பேசி மதிக்கவில்லை.

வெட்டின் இரு முனைகளும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் இங்கே கவனிக்கலாம். கணக்கு நோட்டின் பின்பக்கங்களைக் கிழித்தால் முன்பக்கக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. அதுபோல முடிவை ஏறக்குறைய எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம். இருபுற ஃபிரேம்களால் கடைசியில் ஓரிரண்டு படம் முன்பின்னாகலாம், அவ்வளவே. நான் முடிவில் நான்கைந்து ஃபிரேம் தாராளமாக விட்டேன். கஷ்டமெல்லாம் தொடக்கத்தில்தான்.

‘எதற்கு இந்தப் பாடு, மொத்த 22 நிமிடத்தையும் மறுபடி என்கோடு செய்தால் எந்த ஃபிரேமிலும் தொடங்கலாமே’ என்று கேட்கலாம். தொடங்கலாம். ஆனால் ஒவ்வொரு மறு என்கோடும் படத்திலிருந்து கொஞ்சம் தின்றுவிடும்.

சுருக்கத்தில் தகவல் எங்கே தொலைகிறது என்றால், வகுத்து முழு எண்ணாக்கும் ஓர் இடத்தில். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதுவார்கள். கொசைன் உருமாற்றம் என்ற இந்தக் கணித முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இன்று உலகம் பார்க்கிற ஜேபெக் படங்களிலும் பெரும்பாலான வீடியோக்களிலும் அவர்கள் கணிதமோ அதன் வழித்தோன்றலோ இருக்கிறது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர்கள் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்படிக் கிடைத்த அலைகளின் அளவுகளை ஓர் எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டு, அருகிலுள்ள முழு எண்ணை மட்டும் எழுதி வைப்பார்கள். ஓர் அளவு 44 என்று வைத்துக்கொள்வோம். 10-ஆல் வகுத்தால் 4.4, எழுதுவது 4. திரும்ப விரித்தால் 40. பிழை 4. இதை இன்னொரு என்கோடர் 12-ஆல் வகுக்கிறது: 40-ஐ 12-ஆல் வகுத்தால் 3.33, எழுதுவது 3, விரித்தால் 36. பிழை 8 ஆகிவிட்டது. மூலத்தையே நேராக 12-ஆல் வகுத்திருந்தால் 3.67, அது 4 ஆகி 48 கிடைத்திருக்கும். பிழை 4 தான். இரண்டாம் கை என்பதால் மட்டுமே சேதம் இரட்டித்தது. எல்லா எண்ணுக்கும் இப்படி ஆகாது, சில தற்செயலாகத் தேறிவிடும். மொத்தத்தில் படம் மங்கும். அரிதாரப் பூச்சின் நுண்ணிய கோடுகள், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மினுக்கும் கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள், இவைதான் முதலில் கரையும். ஏற்கெனவே ஒரு தடவை சுருங்கி, மூலம் அழிந்துபோன பதிவில் இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முதல் வேலை, கீஃபிரேம்கள் எங்கெங்கே என்று பார்ப்பது. எஃப்எஃப்எம்பெக்கோடு கூடவே வரும் எஃப்எஃப்புரோப், கோப்பிலுள்ள ஒவ்வொரு பொட்டலத்தின் நேரத்தையும் வரிசையாகக் கொட்டும். கீஃபிரேம் உள்ள வரியில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். நேரத்தை அங்கிருந்து எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் எண்கள் சுத்தமாக இருக்கும். அமெரிக்கக் கலர் டிவியின் வழிவந்த 29.97 என்ற வேகம் உண்மையில் 30000-ஐ 1001-ஆல் வகுத்த எண். அதில் 250-ஆம் எண் ஃபிரேம் 8.341666... நொடியில் விழுகிறது. நாம் சோம்பலாக 8.341 என்று இட்டால், அது கீஃபிரேமுக்கு ஒரு மயிரிழை முன்னால். மென்பொருள் சொன்னதைச் செய்யும்: அதற்கும் முந்தைய கீஃபிரேமுக்குப் போய்விடும். எட்டு நொடி பிசகும். 8.342 என்று சற்றே மேலே ஏற்றி எழுதுங்கள்.

கீஃபிரேம் என்று குறித்த எல்லா இடமும் பத்திரமானதும் அல்ல. சில கோப்புகளில் கீஃபிரேமுக்குப் பின்னால் வைக்கப்பட்ட இருபுற ஃபிரேம்கள், அந்தக் கீஃபிரேமைத் தாண்டி முந்தைய தொகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும். திறந்த தொகுதி என்பார்கள். அங்கே வெட்டினால் முதல் ஓரிரு படங்கள் சிதைந்து வரும். 2003-இல் வந்த எச்.264 தரத்தில் இதற்காகவே ஐடிஆர் என்றொரு வகைக் கீஃபிரேம் உண்டு: இதற்கு முந்தைய எதையும் இனி யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற கட்டளை அது. எக்ஸ்264 வழக்கமாக வைப்பது ஐடிஆர்தான் என்பதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

காப்பகத்துக்கு என்று 4:12:00 கீஃபிரேமிலிருந்து ஒரு பிரதி வெட்டினேன். ஏழு நொடி கூடுதலாகக் கட்டியங்காரன் இருப்பான், இருக்கட்டும். ஒரு பிட் மாறாத பிரதி அது. எந்தப் பழைய பதிவுக்கும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன். வாத்தியாருக்கு மட்டும் தனியாக ஒன்று. 7.4-லிருந்து 10 வரையுள்ள 2.6 நொடி, அதாவது 65 ஃபிரேம், அவற்றை மட்டும் அவிழ்த்துப் புதிதாக என்கோடு செய்வது, 10-ஆவது நொடியிலிருந்து மிச்சத்தை அப்படியே நகலெடுப்பது, இரண்டையும் ஒட்டுவது. 33,000 சொச்சம் ஃபிரேம்களில் 65.

ஒட்டுகிற இடம்தான் கண்டம். எம்பி4 கோப்பின் தலையில், அவிழ்ப்பதற்கான அமைப்புக் குறிப்பு ஒரு தடவை எழுதப்பட்டிருக்கும். புதிய துண்டும் பழைய துண்டும் வேறு வேறு அமைப்பில் இருந்து, தலையில் ஒன்றுக்கான குறிப்பு மட்டும் இருந்தால், மற்றது பச்சையும் சாம்பலுமாக இழுபடும். தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, துண்டுகளை டிஎஸ் என்ற பொதிவில் ஒட்டுவது. அது ஒளிபரப்புக்காக உருவானது. பாதி நிகழ்ச்சியில் டிவியைப் போட்டாலும் படம் வரவேண்டும் என்பதால் அமைப்புக் குறிப்பு ஓடையோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். இன்னொரு வழி, அமைப்பையே ஒன்றாக்குவது. எக்ஸ்264 தன்னை எந்தெந்த அமைப்பில் ஓட்டினார்கள் என்று கோப்புக்குள்ளேயே ஒரு வரி எழுதி வைக்கும் நல்ல பழக்கம் உள்ளது. மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்தால் படிக்கலாம். நான் அந்த வரியைப் பார்த்து அதே அமைப்பில் 65 ஃபிரேமையும் என்கோடு செய்தேன்.

ஒன்றை மட்டும் மாற்றினேன். அண்ணனின் முகம் இருப்பது சரியாக அந்த 65 ஃபிரேமில். மொத்த வீடியோவில் எது கொஞ்சமும் கெடக்கூடாதோ அதையே மறுபடி என்கோடு செய்ய வேண்டிய நிலை. துளியும் இழப்பில்லாத முறையை எக்ஸ்264 தரும். ஆனால் அது பல செல்பேசிகள் அறியாத ஒரு வகைக்குப் போய்விடும். அதனால் தரத்தை மட்டும் மிக உயர்த்தி, 12 என்ற அளவில் வைத்தேன். இந்தக் கணக்கில் எண் குறையக் குறையத் தரம் கூடும். வழக்கமாக வைப்பது 23. அந்த இரண்டரை நொடி மட்டும் கோப்பில் அளவுக்கு மீறி இடம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும்.

ஒலியை இரண்டாக வெட்டி ஒட்டவில்லை. ஏஏசி ஒலி 1,024 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக வருகிறது, நொடிக்கு 48,000 மாதிரி என்றால் ஒரு கட்டு 21 மில்லிநொடி. ஒரு படமோ 40 மில்லிநொடி. இரண்டு விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. போதாததற்கு ஒவ்வொரு ஒலிக் கட்டும் அடுத்ததோடு பாதி மேற்கவிந்து நிற்கும். ஒட்டுகிற இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் முகவீணை ஒலிக்கு நடுவில் அது ஊசியாகக் குத்தும். 22 நிமிட ஒலியை ஒரே துண்டாக எடுத்து, ஒட்டி முடித்த படத்தின் மேல் சேர்த்தேன்.

சரிபார்க்கவும் வழி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் ‘ஃபிரேம்எம்டி5’ என்ற வெளியீட்டு வகை, அவிழ்த்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கைரேகை எண் தரும். எச்.264 அவிழ்ப்பு எந்தக் கணினியிலும் பிட் பிசகாமல் ஒன்றாக வரவேண்டும் என்பது தரத்தின் விதி, ஆதலால் ஒப்பீடு நம்பகமானது. மூலத்தின் பட்டியலையும் புதியதன் பட்டியலையும் அருகருகே வைத்தேன். முதல் 65 வரிகள் வேறு. 66-லிருந்து கடைசி வரை ஒன்றே.

வாத்தியார் வீட்டுத் திண்ணையில் செல்பேசியை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு பேர் திரையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். இடது பக்கம் இருப்பவர், திரையை உதறி விரிப்பதற்கு முன், ஒரு கணம் நம் பக்கம் திரும்புகிறார். பிறகு திரை உயர்கிறது, பாட்டு தொடங்குகிறது. வாத்தியார் பாட்டைக் கேட்கவில்லை. முதலிலிருந்து ஓடவிட்டார். மறுபடியும் ஓடவிட்டார்.

“இங்கியே நிக்க வை தம்பி” என்றார்.

நிறுத்தினேன். அது 41-ஆவது ஃபிரேம்.